கூட்ஸ் வண்டியின் பக்கவாட்டில் ஒரு வகைப்பாட்டுப் பாடம்

கூட்ஸ் வண்டி போகும்போது பெட்டிகளை எண்ணாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. எங்கள் புதுச்சேரிப் பிள்ளைகளும் அப்படித்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழியில் விழுப்புரம் சந்திப்பில் ஒரு சரக்கு ரயிலைப் பார்த்துவிட்டால் போதும், "ஐம்பத்தெட்டுப் பெட்டி, டீச்சர்!" என்ற செய்தி மறுநாள் வகுப்புக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டிகளின் பக்கவாட்டில் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளையும் பதினோரு இலக்க எண்ணையும் பற்றி யாரும் கேட்பதில்லை.

நான் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். அறிவியலில் உயிரினங்களை வகைப்படுத்துகிறோம், தமிழில் சொற்களை, கணிதத்தில் எண்களை. மாணவர்கள் பட்டியலைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். "எதற்காக இப்படிப் பிரித்தார்கள்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒரு பொருளைத் தேடியபோது எனக்குக் கிடைத்ததுதான் சரக்கு வேகன். செலவில்லாத இந்தக் கற்றல் பொருளை நம் ஆசிரியர்கள் பலரும் பயன்படுத்தலாம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குப் பதில்

வகுப்பில் முதலில் குறியீட்டைச் சொல்வதில்லை. சரக்குகளின் பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன்: அரிசி, நிலக்கரி, பெட்ரோல், தண்டவாளக் கம்பி, கன்டெய்னர். "இவற்றை ஏற்றிச் செல்ல எப்படிப்பட்ட பெட்டி வேண்டும்?" என்று கேட்டால், மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அரிசி நனையக் கூடாது, கூரை வேண்டும். நிலக்கரியை மேலிருந்து கொட்ட வேண்டும், கூரை கூடாது. பெட்ரோலுக்கு உருளைத் தொட்டி. கம்பிக்கும் கன்டெய்னருக்கும் சுவரே தேவையில்லை, தளம் போதும். வகைப்பாடு இங்கே தேவையிலிருந்து பிறக்கிறது. அதன் பிறகு குறியீட்டைக் காட்டினால் அது புதிராக இருக்காது.

நிலக்கரி வேகனில் பி.ஓ.எக்ஸ்.என். என்று இருக்கும். 'பி' என்பது போகி. பெட்டியின் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் நான்கு நான்கு சக்கரங்கள் கொண்ட ஒவ்வொரு சட்டகம் இருக்கும், அதுதான் போகி. 'ஓ' என்றால் திறந்தது. 'எக்ஸ்' உயரமான பக்கச் சுவரைக் குறிக்க வழங்குகிறது. கடைசி 'என்' காற்றழுத்த பிரேக்கைக் குறிக்கிறது. நம் ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி ரயிலில் போவதைக் காரைக்கால் ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள்.

பி.சி.என். என்பதில் 'சி' மூடிய பெட்டி. அரிசி, கோதுமை, உரம், சிமென்ட் மூட்டைகள் இதில் வரும். பி.டி.பி.என். என்பதில் 'டி' டேங்க், 'பி' பெட்ரோலியப் பொருள். பி.ஆர்.என். தண்டவாளமும் எஃகும் ஏற்றும் தட்டை வேகன். பி.எல்.சி. கன்டெய்னருக்கான தாழ்தள வேகன்.

ஒரே எழுத்து, வேறு வேறு பொருள்

கவனமாகப் பார்க்கும் மாணவர் ஒருவர் இந்த இடத்தில் நம்மை நிறுத்திவிடுவார். பி.டி.பி.என். என்று தமிழில் எழுதினால் முதல் 'பி'யும் மூன்றாவது 'பி'யும் ஒன்றுபோல் தெரிகின்றன. ஆங்கில நெடுங்கணக்கில் அவை இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ஆகும். எனவே கரும்பலகையில் ஆங்கில எழுத்தையே எழுதிக் காட்டுவது நல்லது.

ஆனால் ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுபோகும் ஒரு வகை வேகனின் பெயர் பி.ஓ.பி.ஆர்.என். இதில் இரண்டு 'பி'யும் ஒரே ஆங்கில எழுத்துத்தான். முதலாவது போகியைக் குறிக்கிறது. இரண்டாவது, சரக்கு அடிப்பக்கமாக இறங்கும் என்பதைக் குறிக்கிறது. 'ஆர்' இங்கே விரைவாகக் கொட்டுவது. பி.ஆர்.என். வேகனில் அதே 'ஆர்' தண்டவாளம். ரயிலின் கடைசியில் வரும் பிரேக் வேனின் குறியீடு பி.வி. என்று தொடங்கும். அங்கே 'பி' போகியே அல்ல, பிரேக்.

குழப்பம்போலத் தெரியும் இந்த இடம்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. 77 என்ற எண்ணை எழுதி, "இரண்டு ஏழும் ஒன்றா?" என்று கேட்டேன். ஒன்று எழுபது, மற்றொன்று ஏழு. எழுத்தோ இலக்கமோ தனியாகப் பொருள் தருவதில்லை, அது நிற்கும் இடமும் சேர்ந்தே பொருள் தருகிறது. இடமதிப்பை மூன்றாம் வகுப்பிலிருந்து படித்துவந்த மாணவர்கள் சிலர், அதை வேறோர் இடத்தில் அடையாளம் கண்டது அப்போதுதான்.

எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவு மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதற்கு இன்னொரு சான்று: ஐரோப்பிய நாடுகளில், பிரான்சிலும்தான், திறந்த வேகனுக்கு 'இ', மூடிய வேகனுக்கு 'ஜி', டேங்க் வேகனுக்கு 'இசட்' என்ற எழுத்துகள் வழங்குகின்றன. வேகன் அதேதான், ஒப்பந்தம் வேறு.

குறியீட்டுக்குள் இருக்கும் வரலாறு

இன்று ஓடும் சரக்கு வேகன்கள் அநேகமாக எல்லாமே போகி வேகன்கள், எல்லாமே காற்றழுத்த பிரேக் கொண்டவை. அப்படியானால் 'பி'யும் 'என்'னும் எதற்கு? முன்பு நான்கு சக்கர வேகன்கள் ஏராளமாக ஓடின. வெற்றிட பிரேக் கொண்டவையும் ஓடின. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை அன்று இருந்தது. தேவை போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு இதை விளக்க எழும்பூர் நிலையம் உதவும். சென்னை எழும்பூரின் நிலையக் குறியீடு எம்.எஸ்., சென்ட்ரலின் குறியீடு எம்.ஏ.எஸ். இரண்டும் மெட்ராஸ் என்ற பெயரிலிருந்து வந்தவை. நகரத்தின் பெயர் 1996இல் சென்னை என்று மாறியது, குறியீடு மாறவில்லை. ஒரு வகைப்பாட்டைப் படிக்கும்போது, அதை உருவாக்கியவர்கள் அன்று எதையெதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது என்பதும் தெரிகிறது.

என்.எம்.ஜி. என்ற வேகனும் சுவையானது. இது பழைய பயணிகள் பெட்டியை மாற்றிச் செய்தது. சன்னல்களை அடைத்து, இருக்கைகளை எடுத்துவிட்டுக் கார்களை ஏற்ற வைத்திருக்கிறார்கள். "ஆள் ஏறாத பாசஞ்சர் வண்டி" என்று பிள்ளைகள் சொன்னால் அது இதுவாக இருக்கலாம். இதைப் பயணிகள் பெட்டி என்பதா, சரக்கு வேகன் என்பதா? தோற்றத்தை வைத்துப் பிரிப்பதா, பயனை வைத்துப் பிரிப்பதா என்ற கேள்வியைத் திமிங்கிலம் மீனா என்ற பாடத்தோடு அறிவியல் ஆசிரியர்கள் இணைத்துக்கொள்ளலாம்.

இரண்டு எழுத்து, பன்னிரண்டு டன்

பி.ஓ.எக்ஸ்.என். வேகனின் மேம்பட்ட வடிவம் பி.ஓ.எக்ஸ்.என்.எச்.எல். 'எச்' கூடுதல் அச்சுச் சுமையையும் 'எல்' குறைந்த சொந்த எடையையும் குறிக்கின்றன. இதை ஒரு கணக்காகவே தரலாம்.

பழைய வேகனின் ஓர் அச்சு தாங்கும் சுமை 20.32 டன். நான்கு அச்சுகளுக்கு 81.28 டன். காலி எடை சுமார் 22.47 டன் என்றால், சரக்குக்கு மிஞ்சுவது 58.81 டன். புதிய வேகனில் ஓர் அச்சுக்கு 22.9 டன், நான்குக்கு 91.6 டன். காலி எடை 20.6 டன். சரக்கு 71 டன். ஆக, ஒரு வேகனில் சுமார் 12 டன் கூடுதல். ஐம்பத்தெட்டு வேகன்கள் கொண்ட ஒரு ரயிலில் இது எவ்வளவு என்று பெருக்கச் சொல்லுங்கள். சுமார் 700 டன் வரும். தசமப் பெருக்கலுக்கு ஓர் உண்மையான காரணம் கிடைக்கிறது.

பதினோரு இலக்கங்கள்

எழுத்துகள் "எந்த வகை?" என்று சொல்கின்றன. "எந்த வேகன்?" என்று சொல்வது பதினோரு இலக்க எண். முதல் இரண்டு இலக்கங்கள் வகை: 10 முதல் 29 வரை திறந்தவை, 30 முதல் 39 வரை மூடியவை, 40 முதல் 54 வரை டேங்க், 55 முதல் 69 வரை தட்டை வேகன்கள், 70 முதல் 79 வரை அடிவழியாகவோ பக்கவழியாகவோ கொட்டும் ஹாப்பர் வேகன்கள், 85 முதல் 89 வரை பிரேக் வேன்கள். அடுத்த இரண்டு எந்த ரயில்வேயின் உடைமை என்பது. மத்திய ரயில்வே 01, நம் தெற்கு ரயில்வே 06. அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு. பின்னர் வரும் நான்கு தனி வரிசை எண். பதினோராவது சரிபார்ப்பு இலக்கம்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இந்த முறை புதிதல்ல. வாகனப் பதிவில் பி.ஒய். 01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாகே, 04 யானம் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்கினால் எளிது.

பயிற்சிக்காக நான் உருவாக்கிய ஓர் எண்: 22 06 12 3456. பதினோராவது இலக்கம் என்ன? இடமிருந்து இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 2+6+2+4+6=20. இதை மூன்றால் பெருக்கினால் 60. ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை: 2+0+1+3+5=11. மொத்தம் 71. அடுத்த பத்தின் மடங்கான 80ஐ எட்ட 9 தேவை. ஆகவே முழு எண் 22061234569.

இப்போது 3456 என்பதை ஒருவர் 4356 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 69 ஆகிறது, வரவேண்டிய இலக்கம் 1. ஆனால் எண்ணின் முடிவில் 9 இருக்கிறது. தவறு பிடிபட்டது. ஓர் இலக்கம் மட்டும் தவறானால் இந்த முறை கட்டாயம் பிடித்துவிடும். ஒன்று முதல் ஒன்பது வரையிலான எந்த வேறுபாட்டையும் 1ஆலோ 3ஆலோ பெருக்கினால் பத்தின் மடங்கு வராது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதைத் தாங்களே நிறுவ முடியும்.

அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால்? பெரும்பாலும் பிடிபடும், எப்போதும் அல்ல. நம் எண்ணில் 06 12 என்ற பகுதியில் 6ஐயும் 1ஐயும் மாற்றி 01 62 என்று எழுதிப் பாருங்கள். மொத்தம் 61, சரிபார்ப்பு இலக்கம் மீண்டும் 9. வேறுபாடு 5 ஆக இருக்கும்போதெல்லாம் இந்த முறை ஏமாந்துபோகும். ஆனால் "தயாரித்த ஆண்டு 62" என்று படிக்கும் மாணவர் ஏமாற மாட்டார். அந்த ஆண்டில் இந்த வேகன் ஏது? கணக்கு விட்டதை இலக்கங்களின் பொருள் பிடித்துவிடுகிறது.

வேகன் கிடைக்காவிட்டால் பிஸ்கட் உறையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பதின்மூன்று இலக்கப் பார்கோடிலும் இதே விதிதான்: முதல் பன்னிரண்டில் இரட்டைப்படை இடங்களுக்கு மூன்று மடங்கு, பதின்மூன்றாவது சரிபார்ப்பு. புத்தகத்தின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும் எண்ணுக்கும் அப்படியே. ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமே. அங்கே பயன்படும் வெர்ஹோஃப் முறை, அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதையும் முழுமையாகப் பிடிக்கும். ஆனால் மாணவர் பெயர்களையும் எண்களையும் நாள்தோறும் பதிவேற்றும் நமக்குத் தெரியும்: இப்படிப்பட்ட பாதுகாப்பு எல்லா எண்களுக்கும் இல்லை. வங்கிக் கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் ஒரு மாணவியின் உதவித்தொகை நின்றுபோகலாம். எண்ணைப் பார்த்து எழுதியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கும் பழக்கத்தை, அறிவுரையாகச் சொல்வதைவிட இந்தக் கணக்கின் வழியாகச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வகுப்பில் செய்வதற்கு

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வேகனைக் காட்டுவதற்காக மாணவர்களைத் தண்டவாளத்துக்கோ சரக்கு முனையத்துக்கோ அழைத்துச் செல்லக் கூடாது. அத்துமீறி நுழைவது ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும் ஆகும். நடைமேடையிலிருந்தோ நடைமேம்பாலத்திலிருந்தோ ஆசிரியர் எடுத்துவரும் நான்கைந்து புகைப்படங்கள் போதும்.

பிறகு ஒரு செயல்பாடு: பள்ளி நூலகப் புத்தகங்களுக்கோ ஆய்வகப் பொருள்களுக்கோ குழுவாகக் குறியீடு அமைக்கச் சொல்லுங்கள். மூன்று நிபந்தனைகள்: ஓர் இடம் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும், புதிதாக ஒரு பொருள் வந்தால் அதற்கும் இடம் இருக்க வேண்டும், பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். என் வகுப்பில் ஒரு குழு நிறத்தையும் பாடத்தையும் ஒரே எழுத்தில் அடக்கிவிட்டது. சிவப்பு அட்டை போட்ட தமிழ்ப் புத்தகமும் சிவப்பு அட்டை போட்ட அறிவியல் புத்தகமும் ஒன்றாகிவிட்டன. அடுத்த குழு அதைக் கண்டுபிடித்துச் சொன்னது. அவர்களுக்குள் நடந்த விவாதத்தில் நான் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

உங்கள் வகுப்பில் முயன்று பாருங்கள். எந்தப் பாடத்தில் எந்தப் பட்டியல் வந்தாலும், "இந்தப் பிரிவு எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கினால் அந்த ஒரு பாடவேளை வீண்போகவில்லை.