தவிட்டில் இருக்கும் எண்ணெய்

சிறு பிள்ளைகளைச் சீண்டுவதற்கு வீட்டுப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்!" என்பார்கள். பிள்ளை அழத் தொடங்கிவிடும். தவிடு என்றால் நமக்கு அவ்வளவு மலிவு. மாட்டுக்குப் போடுவோம். கோழிக்குப் போடுவோம். மீதியை அப்படியே விட்டுவிடுவோம்.

அந்தத் தவிட்டில் சமையல் எண்ணெய் இருக்கிறது. நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அதற்குப் பெரும் பணம் செலவாகிறது. ஆனால் நெல் விளையும் ஊர்தோறும் தவிடு இருக்கிறது. ஆகவே தவிட்டைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவிடு எது?

நெல்லின் மேல் ஓடு உமி. அதில் எண்ணெய் இல்லை. அது அடுப்பு எரிக்க உதவும். உமியை நீக்கினால் பழுப்பு நிற அரிசி கிடைக்கும். அந்த அரிசியின் மேல் மெல்லிய தோல் ஒன்று உண்டு. ஒரு முனையில் சிறிய முளைக்கரு உண்டு. அரிசியை வெள்ளையாகத் தீட்டும்போது இந்தத் தோலும் முளைக்கருவும் பொடியாக உதிர்கின்றன. அதுதான் தவிடு.

100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமியும், 7 அல்லது 8 கிலோ தவிடும் கிடைக்கும். நல்ல தவிட்டில் 100 பங்குக்கு 15 முதல் 20 பங்கு வரை எண்ணெய் இருக்கும். அதாவது, 100 கிலோ நெல்லின் தவிட்டில் ஒரு கிலோவுக்கு மேல் எண்ணெய் இருக்கிறது.

ஆனால் எல்லாத் தவிடும் இதற்கு உதவாது. பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்தே விழும். அதில் எண்ணெய் குறைவு. உமியைத் தனியே நீக்கி, பிறகு அரிசியைத் தீட்டும் மில்லில் கிடைக்கும் சுத்தமான தவிடுதான் எண்ணெய் எடுக்க ஏற்றது.

ஒரு நாள் பொறுத்தால் கெடும்

தவிட்டை இரண்டு நாள் மூடி வைத்துப் பாருங்கள். சிக்கு வாடை வரும். கசக்கும். ஏன்?

தவிட்டில் எண்ணெயும் இருக்கிறது. அந்த எண்ணெயைச் சிதைக்கும் 'லைபேஸ்' என்ற பொருளும் இருக்கிறது. நெல் முழுதாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனியே இருக்கும். அரிசியைத் தீட்டியவுடன் இரண்டும் கலந்துவிடும். அந்த நிமிடத்திலிருந்தே எண்ணெய் கெடத் தொடங்கும். ஆகவே தவிடு சீக்கிரமாக எண்ணெய் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் மில்லிலேயே நீராவியால் சூடாக்கி உலர்த்த வேண்டும். சூடு பட்டால் லைபேஸ் செயல் இழந்துவிடும்.

புழுங்கல் நெல்லின் தவிடு எளிதில் கெடுவதில்லை. நெல்லை அவிக்கும்போதே லைபேஸ் அடங்கிவிடுகிறது. அதில் எண்ணெயும் சற்று அதிகம்.

எண்ணெயை எப்படி எடுக்கிறார்கள்?

எள்ளைப் போலவும் கடலையைப் போலவும் தவிட்டைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுப்பது கடினம். ஆலையில் தவிட்டின் மேல் 'ஹெக்சேன்' என்ற திரவத்தை ஊற்றுகிறார்கள். அது தவிட்டில் உள்ள எண்ணெயைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் ஹெக்சேன் ஆவியாகிவிடும். எண்ணெய் நிற்கும். ஹெக்சேன் பெட்ரோலைப் போலத் தீப்பற்றும். ஆகவே இது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

இப்படிக் கிடைக்கும் எண்ணெய் கருத்திருக்கும். அதில் பிசினும் மெழுகும் இருக்கும். அதை அப்படியே சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. சுத்திகரித்த பிறகே உண்ண வேண்டும்.

"தவிடெல்லாம் ஆலைக்குப் போனால் மாட்டுக்கு என்ன போடுவது?" என்று கேட்கலாம். எண்ணெய் எடுத்த பிறகும் தவிட்டில் புரதச் சத்து இருக்கும். அது மாட்டுத் தீவனமாகவும் கோழித் தீவனமாகவும் திரும்பி வருகிறது. சீக்கிரம் சிக்குப் பிடிப்பதும் இல்லை.

இந்த எண்ணெயில் என்ன சத்து?

ஒன்று, 'ஒரைசனால்'. நெல்லுக்கு அறிவியலில் 'ஒரைசா' என்று பெயர். 1950களில் ஜப்பான் நாட்டு அறிஞர்கள் இதைத் தவிட்டு எண்ணெயில் கண்டார்கள். நெல்லின் பெயரையே இதற்கும் வைத்தார்கள்.

இரண்டு, தாவர ஸ்டீரால்கள். நாம் உண்ணும் உணவிலிருந்து கொலஸ்ட்ரால் உடலில் சேர்வதை இவை குறைக்கின்றன.

மூன்று, வைட்டமின் ஈ வகைகள். இவை எண்ணெய் சீக்கிரம் கெடாமல் காக்கின்றன.

இரத்தத்தில் உள்ள கெட்ட கொலஸ்ட்ராலை ஓரளவு குறைக்கத் தவிட்டு எண்ணெய் உதவும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இது மருந்து அல்ல. இதை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும் பழைய முறையில் ஒரைசனாலில் பெரும் பகுதி போய்விடும். நீராவியால் சுத்திகரிக்கும் முறையில் பெரும்பாலும் தங்கும். எனவே வாங்கும்போது பொட்டலத்தின் மேல் ஒரைசனால் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். நாம் எழுத்துக் கற்றது இதற்கும்தான்.

எண்ணெயில் வராத சத்து

தவிட்டில் உள்ள எல்லாச் சத்தும் எண்ணெயில் வருவதில்லை. வைட்டமின் பி1 நீரில் கரைவது. எண்ணெயில் வராது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

1890களில் ஜாவா தீவில் பலருக்கு 'பெரிபெரி' நோய் வந்தது. கால் மரத்துப் போகும். நடக்க முடியாது. இதயம் பழுதாகி உயிரும் போகும். அங்கே எய்க்மன் என்ற மருத்துவர் இருந்தார். தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்கும் கால் விழுந்ததை அவர் கண்டார். தீட்டாத அரிசி கொடுத்தபோது கோழிகள் எழுந்து நடந்தன. கோழியைக் காத்தது தவிடு! 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் ஆந்திரக் கடற்கரை ஊர்களில் பெரிபெரி இருந்தது. அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி உண்டார்கள். புழுங்கலரிசி உண்டவர்களுக்கு அந்த நோய் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 நீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

ஆகவே தவிட்டு எண்ணெய் வாங்கிவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. அதிகம் தீட்டாத அரிசி அல்லது புழுங்கலரிசி உண்ண வேண்டும். அரிசியைப் பலமுறை கழுவக் கூடாது. வடித்த கஞ்சியைக் கீழே கொட்டக் கூடாது.

எவ்வளவு உண்ணலாம்?

எந்த எண்ணெயும் கொழுப்புதான். கடும் உடல் உழைப்பு இல்லாத ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து தேக்கரண்டி அளவு போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோவுக்குள் அடங்கும். ஒரே எண்ணெயை எப்போதும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவது நல்லது. தவிட்டு எண்ணெயில் குறைவாக உள்ள சில கொழுப்புச் சத்துகள் கடுகு எண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் உண்டு. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது எந்த எண்ணெயானாலும் கெடுதல்.

அடுத்த முறை மில்லுக்கு நெல் கொண்டு போகும்போது கவனியுங்கள். உமியும் தவிடும் தனித்தனியே விழுகின்றனவா? தவிடு எங்கே போகிறது? எத்தனை நாள் கிடக்கிறது? மில்காரரிடம் கேளுங்கள். அரிசியை அளவாகத் தீட்டச் சொல்லுங்கள்.

தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றால் இனி அழ வேண்டியதில்லை. தவிட்டின் மதிப்புத் தெரிந்தவர்களுக்கு அது குறைந்த விலை அல்ல.