நிருவாக சேவைப் பரீட்சை: ஆயத்தம் எங்கே தொடங்குகின்றது?

1875ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நடைபெற்ற போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி, அவ்வழியே இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைத் தோற்றுவித்த பொன்னம்பல முதலியாரின் புதல்வர் அவர். கொட்டாஞ்சேனை வாசிகள் நாளும் வழிபடும் அவ்வாலயத்துக்கும் நாட்டின் நிருவாக வரலாற்றுக்கும் உள்ள இத்தொடர்பை நம் மாணவருட் பலர் அறியார். அந்நாளில் அப்பரீட்சையை எழுதுவதற்குக் கடல் கடத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுதலும் வேண்டும். இன்று அவ்விரு தடைகளும் இல்லை. 1963ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி சிவில் சேவை ஒழிக்கப்பட்டு, அதனிடத்தில் நிருவாக சேவை அமைக்கப்பெற்றது. அரசாங்க சேவைப் பரீட்சைகளைத் தமிழில் எழுதும் உரிமைக்கு 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடமளித்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 22ஆம் உறுப்புரையில் அதனை உறுதிசெய்தது. எனினும், சேவையிற் சேர்ந்தபின் மற்றைய மொழியிலும் போதிய அறிவு பெறுமாறு கேட்கப்படலாம் என்னும் நிபந்தனை அவ்வுரிமையோடு உடன்பிறந்ததாகவே உள்ளது. இதனை மறந்து செய்யும் ஆயத்தம் பாதி ஆயத்தமே.

பட்டம் பெற்ற இளைஞர் பலர், பரீட்சை அறிவித்தல் வெளியான பின்னரே விழித்தெழுகின்றனர். உடனே ஒரு வகுப்பைத் தேடி ஓடுகின்றனர். கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்குகின்றனர். வெள்ளவத்தையில் வகுப்புகளுக்குக் குறைவில்லை என்பது யாவரும் அறிந்ததே. வகுப்பைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. பொதுஉளச்சார்புப் பத்திரத்துக்கு விரைவுப் பயிற்சி வேண்டும். அதனை வகுப்பு தரும். ஆனால் சில வாரப் பயிற்சியால் வாராத மூன்று உள. அவை சுருக்கி எழுதும் ஆற்றல், நாட்டின் நிலைபற்றிய அறிவு, சிங்களத்தில் எழுத்தறிவு என்பன. இவற்றைப் பல்கலைக்கழகம் புகுமுன்னரே, உயர்தர வகுப்பில் இருக்கும்போதே தொடங்கலாம் என்பது எம் கருத்து.

முதற்கண் செய்யவேண்டியது இறுதியாக வெளிவந்த அறிவித்தலைத் தேடிப் படித்தலாகும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் மும்மொழியிலும் வெளியாகின்றது. திறந்த பரீட்சை, ஏலவே அரச சேவையிலுள்ளோர்க்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை என்னும் இருவகைக்கும் உரிய கல்வித் தகைமை, வயதெல்லை, பாடப் பத்திரங்கள் யாவும் அதிலே விரிவாகக் காணப்படும். ஒரு பத்திரத்தில் மிக உயர்ந்த புள்ளி பெற்று, மற்றொன்றில் ஆகக்குறைந்த புள்ளியைத் தானும் எட்டாதவர் தேறமாட்டார். ஆகவே தமக்கு விருப்பமான பத்திரத்தையே திரும்பத் திரும்பப் படித்தல் பயன் தராது. பரீட்சை ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் என்றும் எண்ணற்க.

சுருக்கி எழுதுதலை எவ்வாறு பழகுவது? வீரகேசரியிலோ தினகரனிலோ வரும் ஆசிரியத் தலையங்கம் ஒன்றைப் படித்துத் தாளை மூடிவைத்துவிட்டு, அதன் மையக் கருத்தை மூன்றிலொரு பங்கு சொற்களில் எழுதிப் பார்க்க வேண்டும். மூடிவைத்தல் முக்கியம். கண்முன் மூலம் இருக்குமாயின் கை அதிலுள்ள வாக்கியங்களையே பெயர்த்தெழுதும். அது சுருக்கமாகாது, வெட்டித் தைத்த துணியாகும். பின்பு அரசாங்கச் சுற்றறிக்கைகளை எடுத்துக்கொள்ளலாம். தாபன விதிக்கோவை, நிதிப் பிரமாணங்கள் முதலியவற்றின் தமிழ்நடை கரடுமுரடானது. சில இடங்களில் மொழிபெயர்ப்பு நம்மை நகைக்கவும் வைக்கும். ஆயினும் அதனை ஊடுருவிப் பொருள் காண்பவனே பின்னர் பொதுமக்கள் விளங்கும் தமிழில் ஒரு கடிதம் வரைய வல்லவனாவான்.

நாட்டின் நிலையை அறிவதற்கு, மத்திய வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் பொருளாதார மீளாய்வும் அரசியலமைப்பும் முதன்மையானவை. இரண்டும் தமிழிற் கிடைக்கின்றன. மீளாய்வை முழுதும் மனனஞ் செய்யவேண்டியதில்லை. ஓர் அத்தியாயத்திலுள்ள அட்டவணையைப் பார்த்து, அது உணர்த்துவது யாதெனத் தாமே எழுதிப் பார்த்தல் போதும். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கின்றது. 1942ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சங்கம் அது. வீட்டில் அமைதியாகப் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு இத்தகைய நூலகத்தின் அருமை தெரியும்.

இனிச் சிங்களம். காலி வீதியிலும் பேருந்திலும் பழகிய சிங்களம் தமக்குப் போதும் எனக் கொழும்புப் பிள்ளைகள் கருதுவதுண்டு. பேச்சுமொழி வேறு, எழுத்துமொழி வேறு. பேச்சில் 'மம யனவா', 'அப்பி யனவா' என வினைச்சொல் மாறாது நிற்கும். எழுத்திலோ 'மம யமி', 'அப்பி யமு' என, நம் தமிழிற்போலவே இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினை திரியும். தமிழிலக்கணம் கற்றவனுக்கு இது புதுமையன்று, ஒருவகையில் எளிதுமாகும். ஆனால் எழுதிப் பழகாதவனுக்கு அலுவலகக் கோவை ஒன்றைப் புரட்டுவதும் இடராகவே இருக்கும்.

இதனை இத்துணை வற்புறுத்தக் காரணம் உண்டு. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையும், கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்தையும் சேர்ந்தவை. ஒரு பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் சனத்தொகையில் எட்டிலொரு பங்குக்கு மேற்படின், அங்கு இரு மொழிகளிலும் நிருவாகம் நடத்துமாறு சனாதிபதி பணிக்கலாம் என்பது அரசியலமைப்பின் ஏற்பாடு. இவ்விரு பிரிவுகளும் அவ்வாறு இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டவை. பிரகடனம் தாளில் இருக்கின்றது. தமிழில் முறைப்பாடு எழுதிக் கொண்டுவரும் ஒரு முதியவளுக்குத் தமிழிலேயே மறுமொழி எழுதவும், அதே விடயத்தை மேலதிகாரிக்குச் சிங்களத்தில் அறிக்கையிடவும் வல்ல ஓர் உத்தியோகத்தர் அம்மேசையில் இல்லையெனின், அத்தாளால் அவளுக்கு யாது பயன்?

எனவே இவ்வாண்டு உயர்தர வகுப்பிலிருக்கும் மாணவன் ஒருவன் கிழமைக்கு ஒரு தலையங்கச் சுருக்கமும், சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதமும் எழுதத் தொடங்குவானாயின், பட்டம் பெறும் நாளில் அவனிடம் சில நூறு பக்கப் பயிற்சி சேர்ந்திருக்கும். கடிதத்தைத் திருத்துவதற்குச் சிங்கள நண்பன் ஒருவனை அமர்த்திக்கொள்ளலாம். அவனுக்குக் கைம்மாறாகத் தமிழ் கற்பிக்கலாம். அவனும் அதே பரீட்சைக்குத்தான் தோற்றப்போகின்றான்; அவனுக்கும் அதே நிபந்தனைதான்.