இன்ஜின் 'மிஸ்' அடிக்கிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

போன ஐப்பசியில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இலைச்சுருட்டல் பார்க்கக் கூப்பிட்டிருந்தார் அந்த விவசாயி. ஆனால், அவர் என்னை முதலில் கொண்டுபோய் நிறுத்தியது தன் பெட்ரோல் வேனுக்கு முன்னால்.

"செடியை அப்புறம் பாக்கலாமுங்க சார். ரெண்டு வாரமா இன்ஜின் மிஸ் அடிக்குது. பிளக் நாலும் மாத்தியாச்சு, காயில் ஒண்ணு மாத்தியாச்சு. இப்ப பெட்ரோல் பம்ப்பையும் மாத்தணுங்கறாங்க. நேத்து ஏத்தத்துல இழுக்காம நின்னுபோச்சு. பழம் மார்க்கெட்டுக்குப் போறதுக்குள்ள ஏலமே முடிஞ்சுருச்சுங்க" என்றார்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால், என் பழைய காரின் சில்லறை வேலைகளைப் பல வருடங்களாக நானே பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் ஓயாமல் சொல்லும் பாடம்தான் இதற்கும்: என்ன நோய் என்று தெரியாமல் மருந்து அடிக்கக் கூடாது.

மிஸ் அடிப்பது என்றால் என்ன?

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 3 அல்லது 4 சிலிண்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காற்று, அளவான பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி, நல்ல கம்ப்ரஷன் ஆகிய நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. வண்டி நின்றபடி ஓடும்போது குலுங்கும், ஏற்றத்தில் இழுக்காது, மைலேஜ் குறையும், புகைக்குழாயில் பெட்ரோல் வாடை வரும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அது பழுக்கக் காய்ச்சிய இரும்பு போலாகி, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பாகம் உருகிவிடும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும். அந்தச் சூட்டோடு வைக்கோல், சோகை மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். ரோட்டில் காயப்போட்ட கொள்ளு, ராகித் தாள்மேல் ஏற்றுவதும் ஆபத்து.

எப்போது மிஸ் அடிக்கிறது?

இதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

* மழையிலும் பனியிலும் மட்டும் என்றால்: காயில், வயரில் விரிசல், ஈரம் இறங்கியிருக்கலாம்.
* ஏற்றத்தில், பாரத்தில் மட்டும் என்றால்: தேய்ந்த பிளக், பலவீனமான காயில் அல்லது அடைபட்ட பெட்ரோல் ஃபில்டர்.
* நின்றபடி ஓடும்போது மட்டும் என்றால்: காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம். 'உஸ்' என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.
* பெட்ரோல் போட்டதிலிருந்து என்றால்: பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. மாதக்கணக்கில் கேனில் வைத்த பெட்ரோலை ஊற்றாதீர்கள்.

எந்த சிலிண்டர்?

பிளக்குக்கு ஒரு காயில் உள்ள வண்டிகளுக்கு இந்த முறை:

1. இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு காயிலின் வயர் கனெக்டரைக் கழற்றுங்கள்.
2. ஸ்டார்ட் செய்து பத்து விநாடி மட்டும் கவனித்துவிட்டு நிறுத்தி, கனெக்டரை மாட்டுங்கள்.
3. இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். குலுக்கல் அதிகமானால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் படுத்த சிலிண்டர்.

இந்தச் சோதனையில் இன்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். ஆனால், ஓடும் இன்ஜினில் காயிலையோ பிளக் வயரையோ தொடவே கூடாது. அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். தோளில் துண்டோடு குனியாதீர்கள். ஃபேனும் பெல்ட்டும் இழுத்துவிடும்.

ஸ்கேனர் கிடைத்தால் இன்னும் எளிது. 'பி0301' என்று காட்டினால் முதல் சிலிண்டர், 'பி0302' என்றால் இரண்டாவது. 'பி0300' என்றால் ஒரே சிலிண்டர் என்று பிரிக்க முடியாதபடி மாறி மாறி மிஸ் அடிக்கிறது. எந்த சிலிண்டர் என்றுதான் அது சொல்லும். ஏன் என்று சொல்லாது.

காசில்லாத சோதனை

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, படுத்த சிலிண்டரின் காயிலையும் நல்ல சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் பிளக்கையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றும் முன் சைக்கிள் பம்ப்பால் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள். மாட்டும்போது முதலில் கையால்தான் திருக வேண்டும். மரை போனால் பெரிய செலவு.

பிளக்கின் நுனி நிறமும் பேசும். இளம்பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே ஆயில் இறங்குகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. வெளுத்துப்போயிருந்தால் அதிகச் சூடு.

வேனில் என்ன இருந்தது?

அன்று மூன்றாவது சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. காயிலை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம். கோளாறு மூன்றாவதிலேயே நின்றது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பின்பக்கம் எலி கடித்துச் செம்புக் கம்பி தெரிந்தது. வேன் நின்றது நிலக்கடலை மூட்டை அடுக்கிய கொட்டகையில்! ஆட்டோ எலக்ட்ரீஷியன் அந்த வயரை ஒட்டுப்போட்டு உறை மாட்டிக் கொடுத்தார். கழற்றிப் போட்ட பழைய காயிலை மாட்டிப் பார்த்தோம்; அது நன்றாகவே வேலை செய்தது. பெட்ரோல் பம்ப் செலவு மிச்சம்.

மூட்டையை வேறிடத்துக்கு மாற்றி, கூண்டுப்பொறி வைக்கச் சொன்னேன். பானெட்டுக்குள் எலி மருந்து வைக்காதீர்கள். கீழே சிந்தினால் கோழியும் நாயும் தின்றுவிடும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

இடம் மாற்றியும் தெரியாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன், வால்வு என்று போகும். அது மெக்கானிக் வேலை. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் குழாயைக் கழற்றாதீர்கள். டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காமன்ரெயில் குழாயைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஏர் ஃபில்டரைப் பார்ப்பதோடும், டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை இறக்குவதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது, "மிஸ் அடிக்குது, பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மூணாவது சிலிண்டர்தான் படுத்திருக்கு. காயிலும் பிளக்கும் இடம் மாத்திப் பாத்தாச்சு, அப்படியேதான் இருக்கு" என்று சொல்லுங்கள். மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பணம் மிச்சம்.

அன்று வேலை முடிய இருட்டிவிட்டது. இலைச்சுருட்டலைப் பார்க்க மறுநாள்தான் போனேன்.