டீசல் முள் பொய் சொல்கிறதா? மீட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

விடிவதற்குள் சந்தைக்குச் சேர வேண்டிய தக்காளியும் கத்தரியும் வண்டியில் இருக்கும். பாதி வழியில் இன்ஜின் நின்றுவிடும். டீசல் முள் கால் டேங்க் காட்டும், டேங்கோ காலி. பழைய பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகள் பலருக்கும் பழகிய தொல்லை இது.

கேனில் டீசல் வாங்கி ஊற்றினாலும் வண்டி உடனே கிளம்பாது. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும். கை பம்பை அடித்து ஏர் எடுத்த பிறகே ஸ்டார்ட் ஆகும். அதற்குள் ஏலம் முடிந்துவிடும். டேங்க் அடியில் கிடந்த கசடு பில்டரில் ஏறி அடைத்தால் அது தனிச் செலவு.

முள் சரியாகக் காட்டாவிட்டால் உடனே மீட்டரை மாற்றிவிடுகிறோம். பல நேரங்களில் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். செலவில்லாத சோதனையில் தொடங்கினால் பணம் மிச்சம்.

முள் நகர்வது எப்படி?

டேங்குக்குள் ஒரு மிதவை உண்டு. டீசல் ஏற இறங்க அதுவும் ஏறி இறங்கும். அதன் கம்பி ஒரு மின்தடையின் மேல் உரசி நகர்வதால் மின்சார அளவு மாறும். அதற்கேற்ப டேஷ்போர்டில் முள் நகரும். இந்த மிதவைத் தொகுப்பைத்தான் மெக்கானிக்குகள் 'டேங்க் யூனிட்' என்கிறார்கள்.

முதலில் பியூஸ்

டீசல் முள்ளோடு டெம்பரேச்சர் முள்ளும் செத்துக் கிடந்தால் டேங்க் பக்கம் போக வேண்டாம். பியூஸையும் மீட்டருக்கு வரும் கரண்டையும் பாருங்கள்.

ஒயர் சோதனை

டீசல் முள் மட்டும் கெட்டிருந்தால், டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஒயரின் முனையைச் சேஸிஸில் சில விநாடி தொடுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் முள் 'முழு' பக்கம் ஏறும். எடுத்தால் 'காலி'க்கு இறங்கும். சில மாடல்களில் இது தலைகீழாக இருக்கும். முள் இரு முனைக்கும் போய் வந்தால் மீட்டரும் ஒயரும் நன்றாக உள்ளன. அசையவே இல்லை என்றால் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது மீட்டர் கெட்டிருக்கலாம். தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயர்களையும் தேடிப் பாருங்கள்.

டிஜிட்டல் மீட்டர் உள்ள புதிய வண்டிகளில் இந்தச் சோதனை கூடாது. பெட்ரோல் வண்டியில் சிறு தீப்பொறியும் ஆபத்து என்பதால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எர்த் கிடைக்கிறதா?

உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் துரு சீக்கிரம் பிடிக்கும். எர்த் ஒயர் பொருத்திய போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து முடுக்குங்கள். யூனிட்டின் உடலிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஓர் ஒயர் கொடுத்துப் பாருங்கள். முள் சரியானால் வேலை முடிந்தது.

கடைசியாக டேங்க் யூனிட்

இதிலும் சரியாகாவிட்டால் யூனிட்டைக் கழற்ற வேண்டும். டீசல் குறைவாக இருக்கும்போது, வெட்டவெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே செய்ய வேண்டும். பீடி, சிகரெட் அருகில் வரக்கூடாது. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே டீசல் சலசலத்தால் அது ஓட்டை. மூழ்கிக் கிடந்து எப்போதும் காலி என்றே காட்டும். மிதவைக் கம்பி எங்காவது சிக்கினால் முள் ஒரே இடத்தில் நிற்கும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கம்பியை மெல்ல உயர்த்துங்கள். எண் சீராக மாற வேண்டும். இடையில் துள்ளினால் உரசும் தடம் தேய்ந்துவிட்டது. யூனிட்டை மாற்றுவதே வழி.

சரிசெய்யும் வரை

டேங்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். லிட்டருக்கு 12 கி.மீ. ஓடும் வண்டியில் 40 லிட்டர் பிடித்தால் 480 கி.மீ. என்று கணக்கு வரும். சுமையும் மேடும் மைலேஜைக் குறைக்கும் என்பதால் 350 கி.மீ. ஆனதும் டீசல் போட்டுவிடுங்கள்.

பழுது பார்த்த பிறகும் முள்ளை அப்படியே நம்ப வேண்டாம். ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு வண்டியிலேயே இருந்தால், வேறு யார் ஓட்டிப் போனாலும் சரக்கு நேரத்துக்குச் சந்தை சேரும்.