என்பு அடர்த்திப் பரிசோதனை: அந்தக் கழித்தல் குறி என்ன சொல்கிறது?

என்பு உயிருள்ள ஓர் இழையம் என்று உயர்தர உயிரியலில் படிக்கிறோம். பழைய என்பு அகற்றப்பட, அதே இடத்தில் புதியது படிந்துகொண்டே இருக்கும். இளவயதில் படிதல் முந்தும். பெண் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதாகும்போது என்புத் திணிவில் ஏறக்குறைய 90 வீதம் சேர்ந்து முடிந்துவிடுகிறது. (நெத்தலியை ஓரமாக ஒதுக்கி வைக்கும் தோழிகள் கவனிக்க!) மாதவிடாய் நின்ற பின்னர் ஈஸ்திரஜன் குறைய, இழப்பு முந்துகிறது. இதில் வலியே இல்லை. கால் வழுக்கிக் கையை ஊன்றியதும் மணிக்கட்டு முறிந்தால்தான் பலருக்கு விடயம் தெரியவருகிறது. என் உம்மம்மாவுக்கும் அப்படித்தான் தெரியவந்தது.

முறிவதற்கு முன்பே அறிவதற்கு உள்ளதுதான் 'டெக்ஸா' ஸ்கேன். சக்தி வேறுபட்ட இரண்டு எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, என்பு எவ்வளவு உறிஞ்சுகிறது, தசையும் கொழுப்பும் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பிரித்துக் கணக்கிடுவார்கள். வழமையாக இடுப்பையும் கீழ் முதுகையும் அளப்பார்கள். குகை போன்ற இயந்திரத்துக்குள் போக வேண்டியதில்லை. திறந்த மேசையில் பத்து, இருபது நிமிடம் அசையாமல் படுத்தால் போதும். ஊசியும் இல்லை, பட்டினியும் இல்லை. கதிர்வீச்சு நெஞ்சு எக்ஸ்ரேயை விடவும் குறைவு. ஆனாலும் கர்ப்பிணியாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கல்சியம் மாத்திரையை 24 மணித்தியாலங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அண்மையில் பேரியம் குடித்தோ, சாய மருந்து ஏற்றியோ வேறு பரிசோதனை செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். உலோகம் படத்தைக் கெடுக்கும். ஊக்கு, கொக்கி, ஸ்காஃப் பின் என்று எங்கள் பெண்களின் உடையில் நினைப்பதை விட அதிகமாகவே உலோகம் இருக்கிறது! அவை இல்லாத தளர்வான ஆடையோடு போனால் பெரும்பாலும் உடை மாற்றவே தேவைப்படாது.

இனி அறிக்கை. அதிலுள்ள 'ரி' பெறுமானம், நமது என்பை ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி −1 வரை சாதாரணம். −1 இற்கும் −2.5 இற்கும் இடைப்பட்டது அடர்த்திக் குறைவு; −2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஓஸ்டியோபொரோசிஸ். −2 என்றால் இரண்டு வீதம் குறைந்துவிட்டது என்பதல்ல. அது நியம விலகல் கணக்கு.

உம்மம்மாவுக்கு −2.1 என்று வந்தது. "நோய் இல்லையாம்" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வைத்தியருக்கு இல்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்தே முறிந்த கை, எண்ணை விடப் பெரிய சாட்சி என்று சொல்லி மருந்தைத் தொடங்கினார். உண்மையில் முறிவுக்கு ஆளாகிறவர்களில் பலர் இந்த நடுப்பகுதியில் இருப்பவர்களே. அதனால்தான் வயது, எடை, முந்திய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த பத்து வருட ஆபத்தைக் கணிக்கும் 'ஃப்ராக்ஸ்' என்ற கணிப்பையும் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள்.

எண் ஏமாற்றவும் கூடும். முதுகெலும்பில் மூட்டுத் தேய்வு இருந்தால் அங்கே அடர்த்தி கூடுதலாகக் காட்டும். இலவச முகாம்களில் குதிகாலை மட்டும் அளக்கும் சிறு கருவி வேறு. அது நன்றாகக் காட்டியது என்பதற்காக டெக்ஸாவைத் தவிர்ப்பது சரியல்ல.

65 வயதைக் கடந்த பெண்கள், 45 இற்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், மூன்று மாதங்களுக்கு மேல் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் மாத்திரை எடுப்பவர்கள், உயரம் குறைந்து முதுகு வளைந்து வருகிறவர்கள் இதுபற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது. திரும்பச் செய்வதானால், இயன்றவரை முதலில் செய்த அதே இயந்திரத்திலேயே செய்து, பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். வேறு இயந்திரத்தின் எண்ணோடு ஒப்பிட்டால், கூடியதா குறைந்ததா என்று சரியாகச் சொல்ல முடியாது.