நோயுற்ற வைத்தியரும் சமூகமும்: ஐக்கிய அமெரிக்காவின் வைத்தியர் நலத் திட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

நோய் தீர்ப்பவர் நோயுறலாகாது என்பது வைத்தியத்துறையில் நெடுங்காலம் நிலவிய எழுதப்படாத விதியாகும். நோயுற்ற வைத்தியரைப் பற்றிப் பேசுவது தொழிலின் மதிப்பைக் குலைக்கும் என்ற அச்சமே அவ்விதியைக் காத்துவந்தது. ஐக்கிய அமெரிக்காவில் இம்மௌனம் கலைந்த பின்னர் உருவான புனர்வாழ்வுத் திட்டங்களும் தொடர்கல்வியும் எவற்றைச் சாதித்தன, எவற்றைச் சொல்லாது விட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்லியம் ஹால்ஸ்டட் (1852–1922) நவீன சத்திரசிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவர். 1880களின் நடுப்பகுதியில் கொக்கெயினின் உணர்வகற்றும் தன்மையைத் தம் உடலிலேயே சோதித்த அவர், முதலில் அதற்கும் பின்னர் மோர்பினுக்கும் அடிமையானார். இளம் வைத்தியர் வைத்தியசாலையிலேயே தங்கி இரவுபகலாக உழைத்துப் பயிலும் வதிவிடப் பயிற்சி முறையை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைத் துறையில் நிலைநிறுத்தியவரும் இவரே. அங்கு இவருடன் பணியாற்றிய வில்லியம் ஒஸ்லர் இப்பழக்கம் பற்றி எழுதிவைத்த இரகசியக் குறிப்பு 1969இலேயே திறக்கப்பட்டது. மௌனத்தின் நீளத்திற்கு இதுவே சான்று.

1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உளநலக் குழு நோயுற்ற வைத்தியர் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாதலை நோயாகவே நோக்கிய அவ்வறிக்கை, சக வைத்தியரின் இயலாமையைக் கண்டு செயற்படுவது ஏனையோரின் கடமை என வலியுறுத்தியது. அதனைத் தொடர்ந்து பெரும்பாலான மாநிலங்களில் வைத்தியர் நலத் திட்டங்கள் தோன்றின. வைத்தியசாலைகளுக்குத் தராதரச் சான்று வழங்கும் கூட்டு ஆணைக்குழு, 2001 முதல் நோயுற்ற வைத்தியரை இனங்காணும் முறை பற்றிய கல்வியையும் வைத்தியசாலைகளிடம் எதிர்பார்த்தது. இவ்வாறு வைத்தியரின் உடல்நலமும் உளநலமும் தொடர்கல்விக்குரிய பாடப்பொருளாயின.

திட்டத்தில் சேரும் வைத்தியர் சிகிச்சை பெறுகிறார். பெரும்பாலும் ஐந்தாண்டுக் கண்காணிப்புக்கு உடன்படுகிறார். முன்னறிவிப்பின்றி நடைபெறும் சிறுநீர்ப் பரிசோதனைகளுக்கு உட்படுகிறார். உடன்பாட்டை மீறினால் தொழில் அனுமதிப்பத்திரத்தை இழக்க நேரிடலாம். 16 மாநிலத் திட்டங்களைச் சேர்ந்த 904 வைத்தியரைப் பற்றிய ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. விபரம் கிடைத்த 802 பேருள் 631 பேர், அதாவது நூற்றுக்கு 78.7 வீதத்தினர், ஐந்தாண்டு முடிவில் அனுமதிப்பத்திரத்துடன் தொழில் புரிந்துகொண்டிருந்தனர். போதைப்பொருட் சிகிச்சையில் இது அரிதான பேறு எனலாம்.

இப்பேற்றுக்குக் காரணம் வைத்தியரின் மனவுறுதி மட்டுமன்று. நீண்டகாலச் சிகிச்சை, இடையறாத கண்காணிப்பு, திரும்பிச் செல்வதற்கு ஒரு தொழில் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையே காரணம். இதே நோய்க்கு ஆளான கூலித் தொழிலாளிக்கோ பெரும்பாலும் வேலைநீக்கமும் சிறையுமே காத்திருக்கின்றன. ஆகவே மேற்கூறிய எண்ணிக்கை வைத்தியத்தின் வெற்றியை மட்டுமன்றி, வர்க்க வேறுபாட்டையும் அளந்து காட்டுகின்றது. அதேவேளை, அனுமதிப்பத்திரத்தை இழக்கும் அச்சத்தின் கீழ் பெறப்படும் சம்மதம் முழுமையான சம்மதமாகாது. வட கரோலினா மாநிலக் கணக்காய்வாளர் 2014இல், துஷ்பிரயோகம் எதனையும் கண்டறியாவிடினும், வைத்தியர் தம் பக்க நியாயத்தை எடுத்துரைப்பதற்குச் சுதந்திரமான விசாரணைமுறை போதாதிருந்தமையைச் சுட்டிக்காட்டினார்.

அண்மைக் காலத்தில் தொடர்கல்வியின் அழுத்தம் போதைப்பழக்கத்திலிருந்து தொழிற்களைப்புக்கு, அதாவது தொழிலினால் உடலும் உள்ளமும் வற்றிப்போகும் நிலைக்கு, விரிந்துள்ளது. தியானம், மன அமைதி, தாக்குப்பிடிக்கும் திறன் ஆகியன வகுப்புகளிற் போதிக்கப்படுகின்றன. இவை பயனற்றவையல்ல. எனினும் 19 ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2017இல் வெளியான பகுப்பாய்வு, தனிமனிதரைத் திருத்தும் முயற்சிகளிலும் பார்க்க வேலைநேரம், வேலையொழுங்கு முதலியவற்றை மாற்றும் நிறுவனரீதியான முயற்சிகளே கூடிய பயன் தருவதாகக் காட்டிற்று. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் தொழிற்களைப்பைத் தனியாள் நோயாகவன்றித் தொழில்சார் தோற்றப்பாடாகவே வகைப்படுத்தியது.

எட்டு மணிநேர வேலைநாளுக்காகச் சிக்காகோத் தொழிலாளர் 1886இல் வீதியில் இறங்கினர். 1975இல் நியூயோர்க்கின் பயிற்சி வைத்தியர்கள் வேலைநேரம் தொடர்பாக வேலைநிறுத்தம் செய்தனர். நாடளாவிய ரீதியில் அவர்களது வாரம் சராசரி 80 மணிநேரமாக மட்டுப்படுத்தப்பட்டது 2003இலேயாகும். தொழிலாளர் கோரிய நாளொன்றுக்கு எட்டு மணி என்ற கணக்கில் இது பத்து நாள் வேலை. இவ்வுண்மையைக் கூறாது, களைத்தவரிடம் களைப்பைத் தாங்கக் கற்றுக்கொள்ளுமாறு மட்டும் கூறும் கல்வி, நோயின் காரணத்தை நோயாளியிடமே தேடுகின்றது. நோயுற்ற வைத்தியருக்குச் சிகிச்சை, காலம், தொழிற்பாதுகாப்பு ஆகியவற்றை வழங்கிய திட்டங்கள் குணப்படுத்துவதற்குரிய சமூக நிலைமைகளைச் செயலில் நிரூபித்துள்ளன. அந்நிலைமைகளை உழைப்போர் அனைவருக்கும் உரியனவாக்குவதே எஞ்சியுள்ள பணியாகும்.