நிலத்தடி ஓவர்டிராஃப்ட்: கடன் ஏன் தீர்வதில்லை?

கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுத்தால் அது வங்கியில் ஓவர்டிராஃப்ட். ஊறுவதைவிட அதிகமாக நிலத்தடி நீரை இறைப்பதையும் கலிஃபோர்னியாவில் அப்படித்தான் சொல்கிறார்கள். வங்கிக் கடனை வட்டியோடு கட்டினால் கணக்கு நேராகிவிடும். நிலத்தில் அது நடப்பதில்லை. ஏன்?

மணலுக்கு இடையே களிமண் அடுக்குகள் உண்டு. அவற்றின் நுண்துளைகளில் உள்ள நீரின் அழுத்தம், மேலே கிடக்கும் மண்ணின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீர் வெளியேறியதும் அந்தப் பங்கும் களிமண் துகள்கள்மேல் இறங்குகிறது. அவை நெருங்கி இறுகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த நுண்துளை இடம் பெரும்பாலும் மீள்வதில்லை. இப்படி இறுகியதால், கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் மெண்டோட்டா என்ற ஊருக்கு அருகே 1925 முதல் 1977 வரை நிலம் ஏறத்தாழ 9 மீட்டர் தாழ்ந்தது. இறைப்பை நெறிப்படுத்த மாநிலம் தழுவிய சட்டம் 2014-இல்தான் வந்தது, வேதனையான தாமதம்.